ஸ்கார்பரோவில் 1972இல் கட்டிய வீடு, எங்களுக்கு முதல் குளிர்காலம்: ஜன்னலை மாற்றுவதா, வேறு என்ன செய்வது?

காங்கேயம்காளை (ஸ்கார்பரோ)

எல்லோருக்கும் வணக்கம். கனடா வந்ததிலிருந்து நார்த் யார்க்கில் அப்பார்ட்மெண்டில்தான் இருந்தோம். அங்கே குளிர்காலத்துக்கென்று நாங்கள் எதுவும் செய்ததில்லை. ஹீட்டர் தானாக வரும், காசு வாடகையோடு போய்விடும். சூடு தாங்காமல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கியதுகூட உண்டு.

இந்த ஆகஸ்டில் மார்க்கம் ரோடு பக்கம் ஒரு செமி வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் பொதுவாக இருக்கும் வீடு) வாங்கிக் குடிவந்துவிட்டோம். மேலே மூன்று படுக்கையறை, கீழே பாதி முடித்த பேஸ்மெண்ட். கேரேஜ் இல்லை. வீட்டைச் சூடாக்குவது கேஸ் ஃபர்னஸ், ஸ்டிக்கரில் 2014 என்று இருக்கிறது. வீட்டில் நான், மனைவி, ஒன்றரை வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. இன்னும் அக்டோபரே முடியவில்லை, ராத்திரி 4 டிகிரிக்குப் போனதற்கே அம்மா இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹாலில் தெர்மோஸ்டாட் 21 காட்டுகிறது. ஆனாலும் தரையோடு காற்று ஓடுவது காலுக்குத் தெரிகிறது. பையன் தூங்கும் வடக்குப் பக்க அறை மற்ற அறைகளைவிடக் கண்டிப்பாகக் குளிர் அதிகம்.

என் குழப்பங்கள் இவை. போன வாரம் ஒரு ஜன்னல் கம்பெனிக்காரர் கதவைத் தட்டினார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குளிர் முழுக்க ஜன்னல் வழியாகத்தான் வருகிறது, எல்லாவற்றையும் மாற்ற 17,500 டாலர், இந்த வாரமே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி என்கிறார். வீடு வாங்கிய கையோடு அவ்வளவு பணம் இல்லை, மாதத் தவணை தருகிறேன் என்கிறார். மனைவிக்குப் பையனை நினைத்துப் பயம், அதனால் போட்டுவிடலாம் என்கிறாள்.

அடுத்தது, வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயை மூடாவிட்டால் வெடித்துவிடும் என்று ஆபீசில் சொன்னார்கள். எப்படி மூடுவது? குழாயைத் திருகி மூடினால் போதாதா?

பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தை பிறந்ததும் தங்கைக்குக் கல்யாணம். ஜனவரி முதல் வாரம் கிளம்பி பிப்ரவரியில்தான் திரும்புவோம். அத்தனை நாளும் வீடு பூட்டியே கிடக்கும். ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகலாமா?

பின்னால் டெக்கில் ஒரு கருவேப்பிலைச் செடி இருக்கிறது, இடுப்பு உயரம். அதையும் யாராவது காப்பாற்றிக் கொடுங்கள், அம்மாவுக்கு வீட்டை விட அதுதான் கவலை.

---

மேப்பிள்மணி (பிராம்டன்)

ப்ரோ, ஜன்னல் கதையை மட்டும் முதலில் நிறுத்துங்கள். "இந்த வாரம் மட்டும்" என்று சொல்கிற எந்த விலையும் அடுத்த வாரமும் இருக்கும். ஒன்டாரியோவில் ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஏசி, தண்ணீர் ஃபில்டர் போன்றவற்றை நாம் கூப்பிடாமல் வீடு தேடி வந்து விற்பதற்கு 2018 மார்ச்சிலிருந்து தடை இருக்கிறது. ஜன்னல் அந்தப் பட்டியலில் இல்லை, அதனால்தான் இவர்கள் இன்னும் தெருத் தெருவாக வருகிறார்கள். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். எழுத்தில் கொடுங்கள், போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

நான் இன்சூரன்ஸில் வேலை செய்கிறேன், அதனால் ஊருக்குப் போவது பற்றிச் சொல்கிறேன். உங்கள் பாலிசியை எடுத்து, ஹீட்டிங் சீசனில் வீட்டில் ஆள் இல்லாத நாட்கள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பல பாலிசிகளில் தொடர்ந்து நாலு நாளுக்கு மேல் போனால், ஒன்று யாராவது தினமும் உள்ளே வந்து ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை மூடிக் குழாய்களையெல்லாம் வடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பைப் உறைந்து வெடித்தால் க்ளெய்ம் கிடைக்காது. நம் ஆட்கள் டிசம்பர், ஜனவரியில்தான் ஊருக்குப் போவார்கள், பிப்ரவரியில் எங்களுக்குப் போன் வரும். பக்கத்து வீட்டுக்காரர் "அப்பப்போ பார்த்துக்கொள்கிறேன்" என்றார் என்பார்கள். அப்பப்போ என்பது பாலிசியில் இல்லாத வார்த்தை. வருகிறவர் தினமும் தெர்மோஸ்டாட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பட்டும். தேதியோடு அதுவே சாட்சி.

---

நெல்லியடியான் (ஸ்காபரோ)

தம்பி, யன்னல்காரரை மே மாதம் வரச் சொல்லுங்கள். அவர் சொன்ன காசில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குளிருக்குத் தேவைப்படாது.

ஃபேர்னஸ் பூட்டுவதும் திருத்துவதும்தான் என் தொழில். உங்கள் பக்கத்தில் எழுபதுகளில் கட்டிய செமி வீடுகளின் பேஸ்மென்ற்றுகளுக்குள் நிறைய இறங்கியிருக்கிறேன், ஆகவே உங்கள் வீட்டைப் பார்க்காமலே கொஞ்சம் சொல்லலாம். அற்றிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில்) ஐந்தாறு அங்குலம் பழைய இன்சுலேசன் கிடக்கும், அதுவும் காலப்போக்கில் அமர்ந்து போயிருக்கும். கீழே பேஸ்மென்ற்றில் சீமெந்துச் சுவர் முடிந்து மரச்சட்டம் தொடங்குகிற விளிம்பில் ஒன்றுமே இருக்காது, இருந்தால் ஒரு துண்டுப் பஞ்சு.

வீடு குளிருவது இப்படித்தான். சூடான காற்று மேலே ஏறும். அற்றிக் மூடியைச் சுற்றி, குளியலறை ஃபான் பெட்டியைச் சுற்றி, சீலிங் லைற் துளைகளால், பைப் ஏறுகிற ஓட்டையால் வெளியே போய்விடும். போன காற்றுக்கு ஈடாகக் கீழே எங்கிருந்தாவது குளிர்காற்று உள்ளே வந்தே தீரும். பேஸ்மென்ற் விளிம்பால் வரும், பின்கதவின் அடியால் வரும், ட்ரையர் குழாயைச் சுற்றி வரும். அம்மாவின் கால் குளிருவது அதனால்தான். வெளியில் எவ்வளவு குளிரோ அவ்வளவுக்கு இந்த இழுவை கூடும். யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தால் குளிருவது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆர் என்பது சூடு வெளியே போகாமல் தடுக்கிற அளவு, கூடக் கூட நல்லது. உங்கள் பழைய இரட்டைக் கண்ணாடி ஏறத்தாழ ஆர்-2 என்றால், 17,500 கொடுத்துப் போடுகிற சாதாரணப் புது யன்னல் ஆர்-3, மிஞ்சினால் ஆர்-4. ஒன்ராறியோவில் புது வீட்டு அற்றிக்குக்கு ஆர்-60 போடுகிறார்கள், உங்களிடம் ஆர்-20 இருந்தாலே பெரிய விசயம். காசை எங்கே போடுவது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஓட்டை எங்கே என்று பார்க்க ஆள் பிடிக்கத் தேவையில்லை. வெளியில் நல்ல குளிரும் காற்றுமாக இருக்கிற ஒரு நாள் யன்னல், கதவு எல்லாம் பூட்டி, ஃபேர்னஸை நிறுத்தி, குசினி (சமையலறை) ஃபானையும் குளியலறை ஃபானையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். புகை நேரே ஏறாமல் எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. மின்சாரப் பிளக் பெட்டிகள், சுவரும் தரையும் சேருகிற பேஸ்போர்ட், வாசல் கதவின் மூலைகள், பேஸ்மென்ற் விளிம்பு, எல்லாம் பாருங்கள். ஒரு கவனம்: உங்கள் வோட்டர் ஹீற்றர் பழைய புகைபோக்கி வகையென்றால் அந்தச் சில நிமிடங்களுக்கு அதைப் பைலட்டில் (சின்னச் சுடர் மட்டும் எரிகிற நிலையில்) விடுங்கள், ஃபான்கள் அதன் புகையைத் திருப்பி வீட்டுக்குள் இழுக்கலாம். பார்த்து முடிந்ததும் ஃபான்களை நிறுத்தி எல்லாவற்றையும் பழையபடி போடுங்கள்.

அடைப்பது சுலபம். கதவுக்கு ரப்பர் பட்டியும், அடி இடைவெளியை மறைக்கிற ஸ்வீப்பும். சிறு வெடிப்புக்கு கோக் (caulk, குழலில் வருகிற அடைப்புப் பசை). பேஸ்மென்ற் விளிம்புக்கு இரண்டு அங்குல ஃபோம் போர்டை ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் அளவாக வெட்டி வைத்து, சுற்றிவரத் தகர டப்பாவில் வருகிற ஸ்பிரே ஃபோம் அடியுங்கள். அற்றிக் மூடிக்கு விளிம்பில் ஃபோம் பட்டி ஒட்டி, முதுகில் ஃபோம் போர்ட் ஒட்டுங்கள், நன்றாக அமரும்படி கொக்கி போடுங்கள். ஒரு சனி, ஞாயிறு வேலை. மேலிருந்து இன்சுலேசன் ஊதுவது இதற்குப் பிறகு. ஓட்டையை அடைக்காமல் மேலே ஊதினால் ஈரக் காற்று அதற்குள் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். குளியலறை ஃபானின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அற்றிக்குக்குள்ளேயே விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஆனால் ஒன்றை அடைக்கவே கூடாது. ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் வெளியிலிருந்து ஒரு தடித்த குழாய் வந்து தரைக்குச் சற்று மேலே வாய் திறந்தபடி நிற்கலாம். குளிர்காற்று குபுகுபு என்று வரும். அது எரிவதற்கான காற்று. பழைய சாரத்தை (லுங்கியை) சுருட்டி அதற்குள் திணித்து வைத்திருந்த வீடுகள் உண்டு. எடுத்துவிட்டு, வீட்டுக்காரருக்கு கார்பன் மொனொக்சைட் என்ற மணமில்லாத நச்சுவாயுவைப் பற்றி ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் வருவேன். அதற்கான அலாரம் இருக்கிறதா? 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் கேஸ் எரிகிற வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, பேஸ்மென்ற் உட்பட ஒவ்வொரு தளத்திலும் அது இருக்கவேண்டும். பின்பக்கத்தைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பாருங்கள், பழைய சொந்தக்காரர் விட்டுப்போனது என்றால் அநேகமாகக் கடந்திருக்கும்.

உங்கள் ஃபேர்னஸ் 2014 என்றால் அது உயர்திறன் வகைதான், 2010க்குப் பிறகு கனடாவில் வேறு வகை விற்க விட்டதில்லை. வெளிச்சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் தெரியும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். பனி குவிந்து அவை மூடினால் ஃபேர்னஸ் தானாக நின்றுவிடும். பெரிய பனி கொட்டிய இரவில் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். மண்வாரியை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றிவரத் துப்புரவாக்கினால் ஃபேர்னஸ் திரும்ப எரியும், எனக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இன்னொரு வேடிக்கை, பேஸ்மென்ற் படிக்கட்டின் மேலே சிவப்புத் தகட்டில் ஒரு சுவிச் இருக்கும். அது ஃபேர்னஸுக்கானது. லைற் என்று நினைத்து யாராவது அணைத்துவிடுவார்கள். அதற்கு மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஃபில்ரரை இன்றைக்கே மாற்றுங்கள். அளவு விளிம்பில் அச்சடித்திருக்கும், அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்தபடி இருக்கவேண்டும். ஒரு அங்குல ஃபில்ரர் என்றால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளை இருக்கிறது என்று மெர்வ் 13 (மெர்வ் எண் கூடினால் ஃபில்ரர் நெருக்கமாக இருக்கும்) வாங்கி அந்த ஒரு அங்குல இடத்தில் போட்டால் மூச்சு முட்டி ஃபேர்னஸ் சூடேறி நிற்கும். மெர்வ் 8 போதும், 11 வரைக்கும் போகலாம். ஃபேர்னஸில் ஹியுமிடிஃபயர் (காற்றுக்கு ஈரம் சேர்க்கிற கருவி) பூட்டியிருந்தால் அதன் தட்டைக் கோடையிலிருந்து மாரிக்குத் திருப்பி, உள்ளே தண்ணீர் ஊறுகிற பாட் (pad) ஒன்றைப் புதிதாகப் போடுங்கள். பையனின் அறைக்கு: முதலில் அங்கே சூடு வருகிற துவாரத்தைக் கட்டிலோ அலுமாரியோ மறைக்கிறதா என்று பாருங்கள். கதவு பூட்டியபடி இருந்தால் காற்று திரும்பிப் போக வழி இல்லாமல் புதுச்சூடும் உள்ளே வராது, கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். பேஸ்மென்ற் குழாய்களில் சின்னக் கைப்பிடிகள் இருக்கும், கீழ்த்தளத்துக்குப் போவதைக் கால்வாசி குறைத்தால் மேலே கூடும்.

வெளிக் குழாய்: வெளியில் திருகி மூடினால் போதாது, சுவருக்குள் தண்ணீர் நிற்கிறதே. உறைந்தால் தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், செப்புக் குழாய் அதைத் தாங்காது. வெடித்தது அப்போது தெரியாது, ஏப்ரலில் ஹோஸைப் பூட்டித் திறக்கும்போது பேஸ்மென்ற் சுவருக்குள்ளால் ஒழுகும். ஆகவே முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே அந்தக் குழாய்க்கான வால்வைப் பூட்டுங்கள். பிறகு வெளியே போய்க் குழாயைத் திறந்துவிடுங்கள். திரும்ப உள்ளே வந்து, வால்வின் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும், கீழே ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள். மிச்சத் தண்ணீர் வடியும். மூடியைப் போட்டுவிட்டு, வெளிக் குழாயைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே விடுங்கள்.

ஊருக்குப் போகும்போது ஹீற்றரை அணைக்கவேண்டாம். 15, 16இல் விட்டுவிட்டுத் தண்ணீரை மெயின் வால்வில் பூட்டுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, மேல் மாடியிலிருந்து கீழே வரை வடியவிட்டு, ரொய்லெற்றுகளை ஃபிளஷ் பண்ணுங்கள். வோட்டர் ஹீற்றரை விடுமுறை நிலையில் போடுங்கள். வெளிச்சுவரோடு இருக்கிற சின்க்கின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்துப் போங்கள். பிராம்டன் தம்பி சொன்ன ஆளைப் பிடிக்கிறதும் முக்கியம். தண்ணீர் பூட்டியிருந்தாலும் ஃபேர்னஸ் நின்றால் வீடு உறைந்துபோகும், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் பாவம்.

கூரைப் பீலிகளை (மழைநீர் ஓடுகிற கட்டர்களை) இலை முழுக்கக் கொட்டிய பிறகு ஒருமுறை துப்புரவாக்கினால் போதும். அதற்கு முன்னால் ஏறினால் இரண்டு தரம் ஏறவேண்டிவரும்.

---

தூயமல்லி (வினிபெக்)

அண்ணன் எழுதியது எல்லாம் சரி. நான் ஈரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதும் குறிப்புகளில் நம் சமையல் இருப்பதே இல்லை. இட்லிப் பானை, கஞ்சி வடிக்கிற சோறு, ரசம், நாலு பேர் குளியல், ட்ரையரில் போடாமல் உள்ளேயே காயப்போடுகிற வேட்டி, புடவை. இத்தனை ஆவியும் எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியில் போய் நீராகும். காலையில் ஜன்னல் அடியில் குளம் நிற்கும், ஒரு மாதத்தில் சட்டத்தில் கருப்புப் பூஞ்சை வரும். உடனே அந்த ஜன்னல்காரர் வந்து "பார்த்தீர்களா" என்பார்.

15 டாலருக்கு ஒரு ஈரமானி வாங்கி ஹாலில் வையுங்கள். வெளியே -10 என்றால் உள்ளே 35 சதவீதம் பரவாயில்லை. -20க்குப் போனால் 30ஐத் தாண்டவிடாதீர்கள். எங்கள் ஊரில் ஜனவரியில் -30 வரும், அப்போது 20, 25லேயே ஓட்டுவோம், உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய்தான் துணை. (அது கல்லாக உறைந்துதான் இருக்கும், சுடுதண்ணீரில் வைத்து எடுங்கள்.) அடுப்பு பற்றவைக்கும்போதே ஹூட் ஃபேனைப் போடுங்கள், முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். அதற்கு முன்னால் அது உண்மையிலேயே வெளியே காற்றைத் தள்ளுகிறதா, இல்லை வடிகட்டி முகத்திலேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டாவது வகை நிறைய.

பையன் அறை ஜன்னலுக்கு இந்த வருடம் பிளாஸ்டிக் ஃபிலிம் போடுங்கள். கடையில் பெட்டியாகவே கிடைக்கும். சட்டத்தைத் துடைத்து, இருபக்க டேப் ஒட்டி, ஃபிலிமை இழுத்து ஒட்டி, ஹேர் ட்ரையரால் சூடு காட்டினால் சுருக்கம் போய்த் தெளிவாக நிற்கும். சட்டம் முழுக்க ஒட்டுங்கள், கண்ணாடிமேல் அல்ல, நடுவில் காற்று இருந்தால்தான் பலன். எங்கள் வாடகை வீட்டில் அதோடுதான் காலம் தள்ளினோம். கனமான திரை போட்டால் பகலில் திறந்துவிடுங்கள். எப்போதும் மூடியிருந்தால் திரைக்குப் பின்னால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து நீர் கோர்க்கும்.

கருவேப்பிலை: ராத்திரி 4 டிகிரியிலும் வெளியேவா இருக்கிறது? இதைப் படித்தவுடன் எழுந்து போய் உள்ளே எடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே போகும் முன்பே எடுத்திருக்க வேண்டும். கொண்டுவரும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் நன்றாகக் கழுவுங்கள், செதில்பூச்சியும் சிலந்திப் பேனும் அங்கேதான் ஒளிந்திருக்கும், சூடான வீட்டுக்குள் வந்ததும் பெருகும். துளி சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து தெளித்து ஒரு நாள் தனியாக வையுங்கள். தெற்குப் பார்த்த ஜன்னல் பக்கம் வையுங்கள், சூடு வரும் துவாரத்துக்கு மேலே வேண்டாம். மண் காய்ந்த பிறகே தண்ணீர். டிசம்பரில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நகத்தால் சுரண்டிப் பார்த்து உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, மார்ச்சில் துளிர்க்கும். ஊருக்குப் போகும்போது வீட்டை 15இல் விட்டால் அதுவும் தாங்கும். தினமும் வருகிறவரிடம் வாரம் ஒரு டம்ளர் ஊற்றச் சொல்லுங்கள், குழாய் பூட்டியிருக்கும் என்பதால் ஒரு கேன் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போங்கள்.

தோசை மாவு புளிக்காது. ஓவனில் (oven) விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். இது கேட்கப்படாத கேள்விக்குப் பதில், ஆனால் நவம்பரில் கேட்பீர்கள்.

---

காங்கேயம்காளை (ஸ்கார்பரோ)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஜன்னல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், விலை உடனே 13,000க்கு இறங்கியது! செடி உள்ளே வந்துவிட்டது.

சனிக்கிழமை ஊதுபத்தியோடு சுற்றினேன். அம்மா வீட்டுக்கு ஏதோ பூஜை என்று நினைத்துக் கூடவே வந்தார். நெல்லியடி அண்ணா சொன்னது போலவே ஜன்னல்களில் புகை பெரிதாக அசையவில்லை. பேஸ்மெண்ட் விளிம்பில், அதுவும் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில், புகை படுத்துக்கொண்டது. பையன் அறை அலமாரிக்குள்தான் அட்டிக் மூடி இருக்கிறது, அது வெறும் பிளைவுட் பலகை, சும்மா மேலே கிடக்கிறது. அந்த அறை ஏன் குளிர்கிறது என்று இப்போது புரிகிறது.

மூன்று சந்தேகம். முன்பக்கக் குழாய்க்கு வால்வு கிடைத்தது, நீங்கள் சொன்ன மாதிரி வடித்துவிட்டேன். பின்பக்கக் குழாய்க்கு உள்ளே வால்வையே காணோம், அந்த இடம் முழுக்க டிரைவால் (ஜிப்சம் பலகை) போட்டு மூடியிருக்கிறது. இரண்டாவது, அட்டிக் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். பஞ்சு மாதிரி எதுவும் இல்லை. சாம்பலும் பொன்னிறமும் கலந்து மினுமினுக்கும் சின்னச் சின்னக் கட்டிகள், பொரியைக் கொட்டி வைத்த மாதிரி. இதை வாரி எடுத்துவிட்டுப் புது இன்சுலேஷன் ஊதலாமா? மூன்றாவது, அதுவரை அம்மா அறைக்கு ஒரு சின்ன ஹீட்டர் வாங்கலாமா?

---

நெல்லியடியான் (ஸ்காபரோ)

தம்பி, அற்றிக் மூடியைப் போட்டுவிட்டு அதைத் திறக்கவேண்டாம். வாரவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வெர்மிக்குலைற். அந்தக் காலத்தில் கனடாவில் நிறைய வீடுகளில் பைக்கணக்காகக் கொட்டினார்கள். அதில் பெரும்பகுதி அமெரிக்காவில் மொன்ரானா மாநிலத்து லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்துக் கல்லோடு அஸ்பெஸ்ரசும் (மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கிற நார்) கலந்திருந்தது. 1990இல் சுரங்கம் மூடப்பட்டது. எல்லா வெர்மிக்குலைற்றிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கும் என்றில்லை, ஆனால் சோதித்துப் பார்க்கும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளவேண்டும். கிளறாமல் அற்றிக்கிலேயே கிடந்தால் ஆபத்து மிகக் குறைவு, ஆகவே பையனை நினைத்து இரவில் நித்திரை கொள்ளாமல் இருக்கவேண்டாம். கிளறினால் கண்ணுக்குத் தெரியாத தூசு பறக்கும், பிரச்சினை அங்கேதான். அற்றிக் மூடி அமைந்திருக்கிற அந்த அலுமாரியின் தரையை ஈரத் துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிடுங்கள், சாதாரண வாக்கூம் போடவேண்டாம். மாதிரி எடுக்கவும் நீங்கள் ஏறாதீர்கள், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், எடுத்து லாபுக்கு அனுப்புவார்கள். இருக்கிறது என்று வந்தால் அகற்றுவதற்கு அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், ஆயிரக்கணக்கில் போகும். வீடு வாங்கும்போது விற்றவர் இதைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று பத்திரங்களைத் தேடி, உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதுவரைக்கும் கீழே நின்றபடியே அடையுங்கள். மூடியின் விளிம்பைச் சுற்றி அலுமாரிப் பக்கமிருந்து கோக் அடித்து, அதன்மேல் டேப் ஒட்டி, கீழ்ப்பக்கத்தில் இரண்டு அங்குல ஃபோம் போர்டைத் திருகாணி இல்லாமல் பசையால் ஒட்டிவிடுங்கள். சீலிங் லைற், ஃபான் பெட்டி விளிம்புகளையும் அறைப் பக்கத்திலிருந்தே கோக் பண்ணலாம். துளை போடுகிற வேலை ஒன்றும் சீலிங்கில் இப்போது வேண்டாம். பேஸ்மென்ற் விளிம்பு வேலையை நீங்கள் நினைத்தபடி செய்யலாம், பாதிக் குளிர் அதிலேயே நிற்கும்.

பின்பக்கக் குழாய்: துணி துவைக்கிற இடத்துக்குப் போகிற குளிர்நீர்ப் பைப்பைப் பிடித்துக்கொண்டு மேலே பாருங்கள். சீலிங் பலகைக்கு மேலே, அல்லது சுவரில் வெள்ளைப் பெயின்ற் அடித்து மறைத்த சின்ன பிளாஸ்ரிக் கதவுக்குப் பின்னால் வால்வு இருக்கும், அநேகமாக அப்படித்தான். உண்மையிலேயே இல்லையென்றால் நவம்பர் நடுப்பகுதிக்குள் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு வால்வு போடுங்கள். உறையாத நீள வகைக் குழாயும் பூட்டலாம், ஆனால் அதையும் வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் பூட்டவேண்டும், குளிர்காலத்தில் ஹோஸை அதில் விட்டால் அதுவும் வெடிக்கும். கடையில் விற்கிற ஃபோம் தொப்பியை மட்டும் நம்பாதீர்கள்.

ஹீற்றர் வாங்கலாம், எண்ணெய் நிரப்பின ரேடியேற்றர் வகை அம்மாவுக்கு நல்லது, சத்தமில்லை, சிவந்து எரியாது. 1,500 வாற் என்றால் 12.5 அம்பியர் இழுக்கும், அந்த அறையின் 15 அம்பியர் சேர்க்கிட்டில் அதோடு வேறு எதுவும் ஓடக்கூடாது. எக்ஸ்ரென்சன் வயர் வேண்டவே வேண்டாம், நேரே சுவர்ப் பிளக். அதற்கு முதல் ஒன்று பாருங்கள். 1972 வீடு என்றால் உள்ளே அலுமினிய வயர் ஓடியிருக்கலாம், அதன் இணைப்புகள் சூடேறக்கூடும். பிளக் பெட்டிகளைத் திறக்காதீர்கள், பேஸ்மென்ற் சீலிங்கில் வெளியே தெரிகிற வயர் உறையில் அலுமினியம் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள், வீட்டு இன்ஸ்பெக்ஸன் அறிக்கையிலும் இருக்கும். அப்படி இருந்தால் லைசென்ஸ் உள்ள எலெக்ற்றீசியன் அந்தப் பிளக்கைப் பார்த்துச் சொல்லும்வரை ஹீற்றரைப் பெட்டியை விட்டு எடுக்கவேண்டாம். அதுவரை அம்மாவையும் பையனையும் தெற்குப் பக்க அறையில் படுக்க விடுங்கள், நீங்கள் இரண்டு பேரும் வடக்கு அறைக்குப் போங்கள்.